தண்ணீர் ஓடாத மூலை

மீன் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் ஃபில்டர் சத்தம் நின்றது, அறை இவ்வளவு அமைதியாக இருக்கக்கூடியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, இந்த அமைதிதான் எனக்கு ஆகாது, ஃபில்டர் ஓடினால் அந்த உர்ர் சத்தத்துக்குள் என் வயிறு போடும் சத்தம் ஒளிந்துகொள்ளும், இப்போது ஒளிய இடமில்லை. வீட்டில் புஷ்பத்தைத் தவிர யாரும் இல்லைதான், அவளிடம் ஒளிக்க இனி என்ன மிச்சம் இருக்கிறது, மனைவியிடம் ஒரு மனிதன் ஒளித்துவைக்கிற கடைசிச் சங்கதியும் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது, இருந்தாலும் அடுக்களையில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்கும்போதெல்லாம் என் இடது கை தானாகச் சட்டைக்கு மேலே போய் வயிற்றை அழுத்திக்கொள்கிறது. அங்கேதான் பை இருக்கிறது. தொப்புளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே, தோலோடு ஒட்டிக்கொண்டு. கீழ்க்குடலில் கட்டி என்று வெட்டியெடுத்துவிட்டு, மிச்சக் குடலின் முனையை வயிற்றில் ஓர் ஓட்டை போட்டு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள், அதிலிருந்து வருவதை ஏந்திக்கொள்ள ஒரு பை, இனி ஆயுசுக்கும் அப்படித்தான் என்றார் டாக்டர், நீங்க உயிரோட இருக்கீங்க பாருங்க, அதுதான் முக்கியம். முக்கியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கையை உள்ளே விடுறதுக்கு முன்னால பிளக்க எடுத்துருங்கப்பா என்று ஷைனி பெங்களூரிலிருந்து போனில் சொல்லிச் சொல்லி அனுப்பினாள், பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு லெஃப்ட் ரைட் சொல்லிக்கொடுத்த பி.டி. மாஸ்டர் ஞானசிகாமணி இப்போது மகளிடம் பிளக் பிடுங்கக் கற்றுக்கொள்கிறான். சாயங்காலம் என் பழைய சிநேகிதன் அருமைநாயகம் வருகிறான். வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன், கேட்கவில்லை, அவர் கதவைத் திறக்காட்டியும் பரவாயில்லம்மா, வாசல்ல கொஞ்ச நேரம் இருந்துட்டாவது போறேன் என்று புஷ்பத்தின் போனில் சொன்னானாம், அவன் கூப்பிட்டால் என் போனை நான் எடுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் வருவதற்குள் இந்தத் தொட்டியைச் சரிசெய்துவிட வேண்டும். ஏன் அதற்குள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியும், சொல்ல முடியாது.

மூன்றடி நீளத் தொட்டி, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஷைனி வாங்கிவைத்தது, சும்மா விட்டத்தைப் பாத்துக்கிட்டே கிடக்காதீங்கப்பா, இதப் பாத்துக்கிட்டு இருங்க என்றாள். அடியில் பொடி மணல், பின்பக்கம் கறுப்புக் கற்களை அடுக்கி, ஒரு மரக்கட்டையைச் சாய்த்துவைத்து, அவளே எல்லாம் செய்தாள். முன்பக்கம் எப்போதும் சுத்தமாக இருக்கும். மணல் அலசிப் போட்ட அரிசி மாதிரி பளிச்சென்று கிடக்கும், வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது முன்பக்கத்தைத்தான், என்ன அழகா வச்சிருக்கீங்க சார் என்பார்கள். அவர்கள் எழுந்து வந்து பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தால் தெரியும், பெரிய கல்லுக்குப் பின்னால், இடது மூலையில், அத்தனையும் அங்கே இருக்கிறது. மீன் போட்டது, தின்னாமல் விட்ட தீனி, உதிர்ந்து அழுகிய இலை, எல்லாம் சேர்ந்து பழுப்பாக, தொட்டால் புகை மாதிரி எழும்புகிற ஒரு படிவு. குழாயைப் போட்டு உறிஞ்சி எடுப்பேன், வாளியில் கறுப்புத் தண்ணீர் நிறையும், வாளியை நான் தூக்கக்கூடாது, புஷ்பம்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கிப்போய் முருங்கை மூட்டில் ஊற்றுவாள், நான் வெறுங்கையோடு பின்னாலேயே போய்த் திரும்பி வருவேன், இரண்டு நாளில் மூலையில் மறுபடி அதே அளவு சேர்ந்திருக்கும். ஷைனிக்கு வீடியோவில் காட்டினேன். அவள் சிரித்தாள். உறிஞ்ச உறிஞ்ச அது அங்கதாம்ப்பா வந்து சேரும், அழுக்கு எல்லா இடத்துலயும்தான் விழுது, அந்த மூலையில மட்டும் ஏன் தங்குதுன்னு பாருங்க, கல்லக் கண்ணாடியோட ஒட்டி வச்சிட்டேன், அங்க தண்ணி ஓடல, தண்ணிய ஓடவச்சிட்டா தானா அடிச்சிக்கிட்டு ஃபில்டர் வாய்க்குப் போயிரும் என்றாள். சொன்னதோடு நில்லாமல் உள்ளங்கையளவு மோட்டார் ஒன்றையும் கூரியரில் அனுப்பிவிட்டாள். அது வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை. உடம்பு முடியலம்மா, நாளைக்குப் பாக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், உடம்பு முடியாமல் ஒன்றுமில்லை.

சபை ஐயரும், எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், அவர் வீட்டம்மாவும் ஜெபிக்க வந்த அன்றைக்குத்தான் அது ஆரம்பித்தது. ஐயர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு அந்த வாடை வருகிறது, பையில் எங்கோ லேசாகப் பிசகியிருக்கிறது, அல்லது பிசகவேயில்லை, எனக்கே தோன்றுகிற வாடையாகவும் இருக்கலாம், இப்போதெல்லாம் என் மூக்கை நான் நம்புவதில்லை, ஆனால் ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா கைக்குட்டையை மூக்கருகில் வைத்திருந்தாள், மரியாதையாக, சளி பிடித்த மாதிரி. நான் எழுந்து நின்று, மீன் தொட்டிதாம்மா, ரெண்டு நாளா கழுவல, வாடை அடிக்கி பாருங்க என்றேன். அவள் முகம் தெளிந்தது, ஆமா மீன்னா அப்படித்தான் இருக்கும் என்றாள். புஷ்பம் காப்பித் தட்டோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் யார் வந்தாலும் நான் முதல் வேலையாகத் தொட்டியைச் சொல்லிவிடுவேன். பால் கணக்குக்கு வந்தவரிடம், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், பக்கத்து வீட்டு டெய்சி டீச்சரிடம். மூலையில் அழுக்கு இருக்கும்வரை நான் சொல்வது பொய் ஆகாது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் யோசனை ஒரு சுற்றுச் சுற்றி வேறு எங்கோ போய்விடும், இன்றைக்குப் போகவில்லை, ஏனென்றால் அந்த மீன் இப்போது என் கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. அடி மணலில் திரிகிற மீன்கள் இவை, கோரி என்பாள் ஷைனி, வாயோரத்தில் பூனைக்கு இருப்பது மாதிரி மீசை, அதை வைத்து மணலைத் தடவித் தடவித்தான் தீனி தேடும். அழுக்கு மணலிலேயே கிடந்தால் மீசை கரைந்து போகும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். மற்றவற்றுக்கு இருக்கிறது. இதற்கு இல்லை. இரண்டு மொட்டைக் காம்புகள் மட்டும் இருக்கின்றன, அதை வைத்து மணலைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, எதுவும் அகப்படாமல், அதே மூலைக்குப் போகிறது. என் வாடைக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று ஒரு வாயில்லாப் பிராணியின் மீசையைத் தின்றிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள், மீன்தானே சார் என்பார்கள், ஆனால் எனக்கு முகமெல்லாம் சூடாகிறது, யாருமில்லாத அறையில்.

கல்லை நகர்த்த வேண்டும். முதலில் மரக்கட்டை, பிறகு சின்னக் கல், பிறகு பெரிய கல், கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு சந்து விட்டு. தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, முழங்கைக்கு மேலே சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை விடுகிறேன், கல்லின் அடியில் விரல் போனதும் கொழகொழவென்று அது தட்டுப்படுகிறது, கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு என்மேலேயே ஒரு வெறுப்பு. புஷ்பம் எடுப்பதில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை காலையில் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, தோலோடு ஒட்டியிருக்கும் பிளேட்டை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தெடுத்து, வெந்நீர்ப் பஞ்சால் சுற்றிலும் துடைத்து, துணியால் ஒற்றிக் காயவைத்து, புதிய பிளேட்டை ஒட்டி, அதன்மேல் பையை மாட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருப்பாள், சூடுபட்டால் நல்லா ஒட்டும்னு நர்ஸ் சொன்னா என்பாள். பையில் சேர்ந்ததைக் கொட்டுவது மட்டும் நான், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. மாற்றுகிற வேலை முழுக்க அவள்தான். அந்த நேரம் பூராவும் நான் மேலே பார்த்துக்கொண்டிருப்பேன், எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையில் படிந்த ஒட்டடையை, அதில் மாட்டிய ஒரு செத்த பூச்சியை. அவள் பேசிக்கொண்டே இருப்பாள், கத்திரிக்காய் என்ன விலை விக்கி தெரியுமா, டெய்சி டீச்சர் மருமக திரும்பி வந்துட்டாளாம், இந்த வருசம் மாங்காயே சரியில்ல. கத்திரிக்காயைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்காகப் பேசுகிறாள், என் காதை நிறைத்துவிட்டால் என் வெட்கம் வேறெங்காவது போய் உட்காரும் என்று நினைக்கிறாள். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, ஒருக்கா குனிஞ்சி பாருங்களேன், நல்லா ஆறியிருக்கு என்றாள். வேண்டாம் என்றேன். பிறகு கத்திரிக்காய்க்கே போய்விட்டாள். என் உடம்பில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, நான் மிக்சரும் கொஞ்சம் வாழைப்பழமும் வாங்கிட்டு வந்துருதேன். அருமைநாயகம் அண்ணனுக்கு வெறுங்காப்பியா குடுக்கது." வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள். "அவரு வர இன்னும் நேரம் கெடக்கு. நீங்க ரொம்ப எக்காதீங்க, கேட்டீங்களா. வயித்த அதுல கொண்டுபோய்ச் சாய்க்காதீங்க." சரி என்றேன். "கதவச் சும்மா சாத்திட்டுப் போறேன்" என்றாள். அவள் போனபிறகு அமைதி இன்னும் பெரிதாகிவிட்டது. அருமைநாயகம் அண்ணன். அவனுக்கு என்ன சொல்வேன். வெறும் குடலிறக்கம், இரணியா ஆபரேஷன் என்று சபை முழுக்கச் சொல்லியிருக்கிறேன், புஷ்பத்தையும் அப்படியே சொல்லவைத்தேன், அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், யாராவது கேட்டால் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். இரணியா என்றால் ஆறு வாரத்தில் எழுந்துவிட வேண்டும். நானும் எழுந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொளதொளவென்று சட்டையை வெளியே விட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன், வாழ்நாளெல்லாம் இன் பண்ணி பெல்ட் போட்டவன். பாடகர் வரிசையில் எனக்கு அடுத்து அருமைநாயகம், அவன்தான் கொயர் மாஸ்டர், நாங்கள் இருவரும் மீசை முளைக்காத காலத்திலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். பாட்டுவரை ஒன்றுமில்லை. பாவ அறிக்கைக்கு எல்லாரும் முழங்கால் போட்டார்கள், ஐயர் மௌனமாக ஜெபிப்போம் என்றார், அந்த மௌனத்தில் அது சத்தம் போட்டது. அதை அடக்க முடியாது, பிடித்துவைக்க அங்கே ஒரு தசையும் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது பாட்டுக்கு நீளமாக, நனைந்த பலூனை அவிழ்த்துவிட்ட மாதிரி. முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது, அதன் அம்மா அதன் தலையை முன்பக்கம் திருப்பினாள். அருமைநாயகம் கண்ணைத் திறக்கவேயில்லை. திறக்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டான் என்பது அவன் இமையில் தெரிந்தது. பாட்டு எழும்பியதும் நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன், பிறகு போகவில்லை.

போகாததற்கு அவன் வேறு காரணம் வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் படுத்திருந்தபோது ஈஸ்டர் பாட்டில் எனக்கென்று இருந்த தனிக்குரலை ஆல்வின் என்கிற பையனுக்குக் கொடுத்துவிட்டான், வேறென்ன செய்வான், அந்தக் கோபத்தில்தான் நான் வரவில்லை என்று நினைக்கிறானாம். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அவன் கேட்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்ட ஒரு சாயங்காலம் நான் உள்ளறையில் நின்றுகொண்டு இல்லையென்று சொல்லச் சொன்னேன், அவன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, சரிம்மா, வந்தா சொல்லுங்க என்று போனான். நினைத்தால் கால் கூசுகிறது. வேலையைப் பார். கல் நகர்ந்துவிட்டது, பின்னால் சந்து தெரிகிறது. ஃபில்டர் தண்ணீரைத் துப்புகிற வாயை இதுவரை நேரே கீழே பார்க்கத் திருப்பியிருந்தோம், விழுந்த இடத்திலேயே அதன் வேகம் செத்துப்போகிறது, அதை வலப்பக்கத்திலிருந்து முன்கண்ணாடி ஓரமாக நீளவாக்கில் பார்க்கவைத்தால் தண்ணீர் இடது ஓரம்வரை போய் மோதித் திரும்பும், திரும்பி வரும் வழியில் கல்லுக்குப் பின்னால் நுழையும், அங்கே அது சோர்ந்துபோகாமல் இந்தச் சின்ன மோட்டார் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும், தள்ளியதை வலது மூலையில் ஃபில்டரின் உறிஞ்சுகிற வாய் வாங்கிக்கொள்ள வேண்டும். மைதானத்தில் பிள்ளைகளைச் சுற்றி ஓடவிடுகிற கணக்குதான், ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவனெல்லாம் அவன்மேல் குவிவான். ஃபில்டர் வாயைத் திருப்பி, மோட்டாரை ரப்பர் காலால் பின்கண்ணாடியில் ஒட்டி, பிளக்கைச் சொருகிவிட்டுப் பார்த்தேன். ஐயோ, மணலில் குழி பறிக்கிறது, தொட்டி முழுக்கக் கலங்கி, மீன்களெல்லாம் புயலில் மாட்டிய மாதிரி ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைக் கொஞ்சம் மேலே தூக்கி, மணலைப் பார்க்காமல் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி திருப்ப வேண்டும், கண்ணாடியில் அடித்து வேகம் உடைந்து தண்ணீர் பரவலாகப் போகும். கை எட்டவில்லை. முக்காலியில் ஏறக்கூடாது. எக்கினேன். தொட்டியின் விளிம்பு வயிற்றில் அழுந்தியது, இன்னும் ஒரு விரற்கடை, இன்னும் கொஞ்சம், ரப்பர் கால் கண்ணாடியில் பச்சக்கென்று ஒட்டியது.

பிளக்கைச் சொருகினேன், இந்தத் தடவை மணல் அசையவில்லை. கலங்கல் தெளியக் காத்திருந்தேன். தீனியை விரலால் பொடித்து ஒரு சிட்டிகை போட்டேன், எங்கே போகிறது என்று பார்க்க, அது முன்கண்ணாடி ஓரமாக வரிசை பிடித்துப் போய், இடது ஓரத்தில் திரும்பி, கல்லுக்குப் பின்னால் மறைந்து, வலப்பக்கம் வெளியே வந்தது. கூடவே அதுவும் வந்தது. மூலையில் கிடந்த பழுப்புப் படிவு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து, மணலை ஒட்டி உருண்டு, ஃபில்டர் வாய்க்கு எதிரே வந்து, ஒரு கணம் தயங்கி, உள்ளே போய்விட்டது. எத்தனையோ வாரமாக என்னால் ஆகாதது. நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மீசையில்லாத மீன் பழைய இடத்துக்குப் போய் அங்கே எதுவுமில்லாமல் திகைத்து நின்றது, பிறகு வெறும் மணலைக் கொத்தியது. ஷைனியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று போனை எடுக்கத் திரும்பினேன், அப்போதுதான் இடுப்பில் ஒரு வெதுவெதுப்பு, தண்ணீர் சிந்தியது என்று நினைத்தேன், தொட்டித் தண்ணீர் குளிர்ந்தது, இது சூடு. விளிம்பில் அழுந்தி பிளேட் பிய்ந்திருக்கிறது. சட்டையைத் தூக்கிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை, கை மட்டும் போய் அழுத்திக்கொண்டது, அழுத்த அழுத்த விரலிடுக்கில் வந்தது, கைலியின் மடிப்பில் இறங்கியது, தொடைக்கு, முழங்காலுக்கு. புஷ்பம், என்றேன், அவள் கடையில் இருக்கிறாள் என்று தெரிந்தே. குளியலறை வெகுதூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. ஓர் அடி வைத்தால் தரையில் சொட்டும், சொட்டினால் அவள் வந்து துடைக்க வேண்டும், நிற்கவும் முடியாது, அறுபது வயசில் நடுவீட்டில் கால் நனைய நிற்கிற நான், யாராவது இந்த நிமிஷம் என்னை இல்லாமலாக்கிவிட்டால் தேவலை. வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் கேட்டை அப்படித் திறக்கமாட்டாள்.

"சிகாமணி. உள்ள இருக்கீரா வே? சீக்கிரமே வந்துட்டேன், மனசு கேக்கல."

பதில் சொல்லாவிட்டால் போய்விடுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சாத்தியிருந்த கதவை அவன் தள்ளிவிட்டான். வெளிச்சத்திலிருந்து வந்தவனுக்கு உடனே கண் தெரியவில்லை, கையில் ஒரு பாட்டுப் புத்தகம், தலைமுடி முன்னைவிட நரைத்திருந்தது. "பேசாதீரும், நான் பேசிட்டுப் போயிருதேன்" என்று ஆரம்பித்தான். "அந்தப் பாட்ட ஆல்வினுக்குக் குடுத்தது தப்புதான். உம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அதுக்காவ இத்தன மாசமா மூஞ்சியக்கூட..." நின்றுவிட்டான். அவன் மூக்கு சுருங்கியதைப் பார்த்தேன். தரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பிறகு சட்டென்று சுவரைப் பார்த்தான். கோயிலில் கண்ணை மூடியிருந்தானே, அதே முகம்.

மீன் தொட்டி, என்று வாயெடுத்தேன். சொல் பாதியில் நின்றது. தொட்டி அவனுக்கு நேர் எதிரே, மூலைவரை வெள்ளை மணலாக, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் வே" என்றேன்.

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"இரணியா இல்ல. புத்துநோய். குடல வெட்டி எடுத்துட்டாங்க. வயித்துல பை வச்சிருக்கு, இப்போ அது பிஞ்சிட்டு. அன்னைக்குக் கோயில்ல சத்தம் வந்தது அதுதான். பாட்டுமில்ல, ஆல்வினுமில்ல."

அவன் ஆறுதல் சொல்வான், ஜெபிப்போமா என்பான், அல்லது தோளைத் தட்டுவான், இவற்றில் எது வந்தாலும் என்னால் தாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பாட்டுப் புத்தகத்தை டீவி மேல் வைத்தான். வைத்ததை எடுத்து மறுபடி வேறொரு இடத்தில் வைத்தான். அவனுக்கும் கை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நான் அன்னைக்கு..." என்றான். "நான் அன்னைக்கு என்ன நெனச்சேன் தெரியுமா. மனுசன் வேணும்னே செய்யுதாரு, என்னை அவமானப்படுத்தணும்னு செய்யுதாருன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரிகிட்டயும் சொன்னேன்." அவன் காது சிவந்துபோயிருந்தது. "சரி. இப்போ என்ன செய்யணும், சொல்லும்."

"புஷ்பம் வந்துரட்டும்."

"அவ வார வரைக்கும் இப்படியே நிப்பீரா?"

நான் பாத்ரூமுக்கு நடந்தேன். சொட்டியது, சொட்டட்டும் என்று நடந்தேன், பின்னால் அவன் ஏதோ துணியை எடுத்துத் தரையில் போடுகிற சத்தம், துணி தரையில் இழுபடுகிற சத்தம், திரும்பிப் பார்க்கவில்லை. பீரோவுல கீழ்த்தட்டுல நீலப் பெட்டி இருக்கும், அத எடுத்துட்டு வாரும் என்றேன். கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து கைலியைக் கழற்றிப் போட்டேன். அடுக்களையில் பாத்திரங்கள் உருண்டன. "வெந்நி வேணுமா?" என்று கேட்டான். வெதுவெதுன்னு போதும் என்றேன். "கேஸ் லைட்டர் எங்க வே வச்சிருக்கு?" ஜன்னல்ல பாரும் என்றேன். ஏதோ வீட்டில் விருந்து சமைக்கிற மாதிரி இருந்தது எங்கள் பேச்சு. நான் பாதி தொங்கிக்கொண்டிருந்த பிளேட்டை ஓரத்திலிருந்து உரித்தேன், அவள் உரிப்பது மாதிரியே, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் கை அதைச் செய்வது எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. அண்ணாந்துகொண்டே உரித்துவிடலாம், அண்ணாந்துகொண்டே துடைக்க முடியாது. பஞ்சை எந்த இடத்தில் வைப்பது என்று கண்ணுக்குத்தான் தெரியும். குனிந்தேன்.

கதவை இரண்டு தட்டுத் தட்டினான். "வாளிய இங்கன வாசல்ல வச்சிருதேன். பெட்டியும் இருக்கு. நான் அங்க போய் இருக்கேன், முடிச்சிட்டுக் கூப்பிடும்."

கதவிடுக்கில் கைநீட்டிப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டேன். கழன்ற பை ஒரு கையில் இருந்தது, இன்னொரு கையில் பஞ்சு. தண்ணீர் மொண்டு ஊற்ற மூன்றாவது கை எனக்கில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் புஷ்பம் வந்துவிடுவாள், மிக்சரும் பழமும் வாங்க எவ்வளவு நேரமாகும், வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு கத்திரிக்காய் விலை பேச ஆரம்பித்துவிடுவாள். அவனுடைய காலடி கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அருமை" என்று கூப்பிட்டேன்.

"என்ன வே?"

"உள்ள வாரும். நீரு ஊத்தணும், எனக்குக் கை பத்தல."

போன காலடி திரும்பி வந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வாளியோடு வந்தான், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் குழாயைப் பார்த்தான், சோப்புப் பெட்டியைப் பார்த்தான். பிறகு பார்த்தான். நான் கையை வைத்து மறைக்கவில்லை, மறைக்கிற கை இரண்டிலும் வேலை இருந்தது. வாய் அகலமாக இருந்த குவளையில் தண்ணீரை மொண்டு, சூடு சரியா என்று தன் மணிக்கட்டில் கொஞ்சம் விட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வலிக்கா?"

"இல்ல. அதுக்கு வலியே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"நல்லா செவப்பா இருக்கே. இப்படித்தான் இருக்குமா?"

"தெரியல வே" என்றேன். "நானும் இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவன் குனிந்து மெதுவாக ஊற்றினான்.